ஓர் இதயமும் பல கருவிகளும்

கலப்பு மெய்மை என்றதும் பலருக்கும் மனதில் வருவது, முகத்தில் பெரிய கண்ணாடியொன்றை மாட்டிக்கொண்டு வெறுங்காற்றைக் கையால் துழாவும் ஒருவரின் தோற்றம்தான். நான் செய்யும் வேலையை என் உம்மாவும் அயலவர்களுக்கு அப்படித்தான் விளக்குகிறார். இக்கல்லூரியில் உயர்தரம் கற்று வெளியேறி, இன்று செயலிகள் உருவாக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த விளக்கத்தில் ஒரேயொரு குறைதான் தெரிகிறது. அந்தக் கண்ணாடி பல கருவிகளுள் ஒன்று மட்டுமே. உம்மாவின் கையிலிருக்கும் தொலைபேசியும் அதே வேலையைச் செய்யும். ஆனால் வேறு விதமாகச் செய்யும். அந்த ‘வேறு விதம்’தான் எங்கள் தொழிலின் பெருந்தலையிடி. ஒரு செயலியை எழுதி, அதை எல்லாக் கருவிகளிலும் இயங்கச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சொல்லின் பொருள். 1994 ஆம் ஆண்டில் போல் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கோட்டைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அதன் ஒரு முனையில் நாம் வாழும் உலகம். மறு முனையில் கணினி மாத்திரமே படைத்த மெய்நிகர் உலகம். இரண்டுக்கும் இடைப்பட்ட அனைத்தும் கலப்பு மெய்மை. எண்ணம் இன்னும் பழையது. அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் 1968 இலேயே தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றைச் செய்துவிட்டார். அது கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரக் கையுடன் இணைக்கப்பட்டிருந்தது.

இனி ஓர் உதாரணம். உயிரியல் பிரிவு மாணவிகளுக்காக, மனித இதயத்தை மேசை மீது வைத்துக் காட்டும் செயலியொன்றை நானும் இரு நண்பிகளும் ஓய்வு நேரத்தில் உருவாக்கி வருகிறோம். இதயம் மேசையில் நிற்க வேண்டும். அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம். பிடித்துத் திருப்பலாம். திறந்தால் இதயவறைகளும் சோணையறைகளும் வால்வுகளும் தெரியும்; ஒவ்வொன்றின் அருகிலும் அதன் தமிழ்ப் பெயர் இருக்கும். கேட்க எளிது. ஆனால் எந்தக் கருவியில்?

தொலைபேசி ஒரு ஜன்னலைப் போன்றது. கமெரா பிடிக்கும் காட்சியின் மேல் இதயத்தை வரைந்து திரையில் காட்டும். மெடா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 போன்ற தலையணிகள் கண்களை முழுதாக மூடிவிட்டு, வெளியுலகையும் கமெராக்கள் வழியாகவே கண்ணுக்குக் காட்டுகின்றன. மைக்ரோசொப்டின் ஹொலோலென்ஸ் வேறு சாதி. அது உண்மையிலேயே ஊடுபார்க்கக்கூடிய கண்ணாடி. அதன்மேல் ஒளியைச் சேர்த்து உருவத்தைக் காட்டும். இதிலொரு வேடிக்கை உண்டு. கறுப்பு என்பது ஒளி இல்லாமைதானே? ஒளியைச் சேர்க்க மட்டுமே தெரிந்த கண்ணாடியால் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. தொலைபேசியில் ஆழமாகவும் இருட்டாகவும் தெரியும் இதயவறையின் உட்புறம், அந்தக் கண்ணாடியில் ஒன்றுமே இல்லாததுபோல மறைந்து, பின்னாலுள்ள சுவர் தெரியும். ஒரே உருவம், ஒரே நிறம், இரு கருவிகளில் இரு விளைவுகள்.

கையாளும் முறையும் அப்படியே. தொலைபேசியில் விரலால் தொடுகிறோம். குவெஸ்டில் கைப்பிடியின் விசையை அழுத்தலாம், வெறுங்கையாலும் கிள்ளலாம். அப்பிளின் விஷன் புரோவில் கண்ணால் ஒன்றைப் பார்த்து, மடியில் கிடக்கும் கையின் இரு விரல்களைச் சேர்த்தால் போதும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதப் புறப்பட்டால், இதயத்தைத் திறப்பதற்கு நான்கு விதமான நிரல்கள் எழுத வேண்டும். ஐந்தாவது கருவி சந்தைக்கு வந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு விடை, விசையை மறந்துவிட்டு நோக்கத்தை எழுதுவது. ‘விசை அழுத்தப்பட்டால் திற’ என்று எழுதாமல், ‘தெரிவு செய்தால் திற’ என்று எழுதுகிறோம். தெரிவு என்பது இந்தக் கருவியில் எந்த அசைவு என்பதைக் கருவியே சொல்லிக்கொள்ளும். குரோனொஸ் என்ற கூட்டமைப்பு 2019 இல் வெளியிட்ட ஓபன்எக்ஸ்ஆர் என்ற பொது நியமம் இந்த எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது. செயலி தனக்குத் தேவையான செயல்களை, அதாவது பிடித்தல், திருப்புதல், திறத்தல் என்பவற்றைப் பெயரிட்டு அறிவிக்கும். எந்த விசைக்கு எந்தச் செயல் பொருந்தும் என்று ஒரு பரிந்துரையையும் கொடுக்கும். மீதியைக் கருவியின் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஆயினும் எல்லோரும் இந்தக் குடைக்குள் வரவில்லை. விஷன் புரோவில் அப்பிள் தன் சொந்த வழியையே வைத்திருக்கிறது. சாதாரணத் தொலைபேசிகளுக்கும் இந்நியமம் போதாது. எனவே நாங்கள் இணைய உலாவி வழியைத் தேர்ந்தோம். வெப்எக்ஸ்ஆர் என்பது உலாவிக்குள்ளேயே இவ்வசதிகளைத் தரும் நியமம். செயலியை நிறுவத் தேவையில்லை. இணைப்பைத் திறந்தால் போதும். திரையைத் தட்டினாலும், விசையை அழுத்தினாலும், விரல்களைக் கிள்ளினாலும் எங்கள் நிரலுக்கு வருவது ‘தெரிவு’ என்ற ஒரே செய்திதான். அன்ட்ரொய்ட் தொலைபேசியின் குரோமிலும் குவெஸ்டின் உலாவியிலும் அதே பக்கம் இயங்கும். ஐபோனின் உலாவியில் இந்த வசதி இல்லை. அங்கே அதே இதயத்தை வேறொரு கோப்பு வடிவில் கொடுத்து, தொலைபேசியுடன் வரும் காட்சிக் கருவியால் மேசையில் நிறுத்துகிறோம். அப்போது மாணவி அதைச் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் எங்கள் முறைப்படி திறக்க முடியாது. எனக்குப் பிடிக்காத சமரசம்தான். வேறு வழி இல்லை.

இங்கே கருவியின் பெயரைக் கேட்டு முடிவெடுப்பது நல்லதல்ல. ‘நீ யார்?’ என்று கேட்பதிலும் ‘உன்னால் என்ன முடியும்?’ என்று கேட்பதே பயன் தரும். மேசையின் பரப்பை உன்னால் கண்டறிய முடியுமா? கை அசைவைப் பின்தொடர முடியுமா? முடியாது என்றால் அதற்கேற்ற எளிய வடிவம் வர வேண்டும். எல்லா அன்ட்ரொய்ட் தொலைபேசிகளிலும் மேசையைக் கண்டறியும் வசதி இருப்பதில்லை. அத்தகைய தொலைபேசியில் எங்கள் இதயம் வெறும் திரையில் தோன்றி, விரலால் சுழலும். உயர்ந்த கருவிக்கு எழுதிவிட்டுப் பிறகு குறைத்துக்கொண்டு வருவது பலரின் வழக்கம். நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். வகுப்பில் மிக மலிவான தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளையின் கையில் முதலில் இயங்கட்டும். வசதிகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தலையணி இருப்பவருக்கு மட்டும் இதயம் தெரியுமானால், அந்தப் பாடத்துக்கு வெளியே நிற்கப் போவது யார் என்று சொல்லத் தேவையில்லை. (பர்தாவின் மேல் தலையணியின் பட்டி எப்படி வழுக்குகிறது என்பதை அணிந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதை வடிவமைத்தவர்களுக்கு அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.)

அடுத்தது இடம். கணிதப் பாடத்தில் ஆள்கூற்றுத் தளத்துக்கு ஓர் உற்பத்திப் புள்ளி உண்டல்லவா? இங்கும் அப்படியே, அளவுகள் மீற்றரில் இருக்கும். ஆனால் அந்தப் பூச்சியம் எங்கே? தலையணியில் அதைத் தரையில் வைத்துக்கொள்ள முடியும். தொலைபேசியில் பெரும்பாலும் செயலி தொடங்கியபோது தொலைபேசி இருந்த இடமே பூச்சியம். தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரம் என்று நினைத்து எழுதிய இதயம், தொலைபேசியில் தலைக்கு மேலே போய் மிதக்கும். ஆகவே உயரத்தை எண்ணால் எழுதாமல், ‘கண்டறிந்த மேசைப் பரப்பின் மேல்’ என்று எழுத வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தலையணி செக்கனுக்கு 90 தடவை படத்தைப் புதுப்பிக்குமானால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது ஏறத்தாழ 11 மில்லிசெக்கன். அதற்குள் இரு கண்களுக்கும் வரைய வேண்டும். பிந்தினால் பார்ப்பவருக்குத் தலைசுற்றும். அதனால் ஒரே இதயத்தை நுணுக்கமானதாகவும் எளிமையானதாகவும் பல படிகளில் செய்து வைத்து, கருவியின் வலுவுக்கேற்பக் கொடுக்கிறோம்.

எனக்கு மிகவும் நெருக்கமான பிரச்சினை எழுத்து. தமிழில் ‘கே’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஆனால் கணினிக்குள் அது சேமிக்கப்படும் முறை வேறு. முதலில் ‘க’, அதன் பிறகே ஏகாரக் குறி. ‘கொ’ என்பதில் இன்னும் சிக்கல்: பின்னால் சேமிக்கப்பட்ட ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எழுத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் போய் நிற்க வேண்டும். இந்த ஒழுங்குபடுத்தலைச் செய்வதற்கென்று தனி மென்பொருள் உண்டு. உலாவிகளில் அது கூடவே வருகிறது. அதனால்தான் நாம் இணையத்தில் தமிழை நிம்மதியாக வாசிக்கிறோம். முப்பரிமாணச் செயலிகளை உருவாக்கும் கருவிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. அங்கே ‘மேற்பெருநாளம்’ என்று எழுதினால் கொம்புகள் இடம் மாறி, முதலாம் வகுப்புப் பிள்ளை பிழையாக எழுதியதைப் போல இருக்கும். எழுத்து வடிவத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. குறை அதில் இல்லை.

இதற்கு இரு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒழுங்குபடுத்தும் மென்பொருளைச் செயலிக்குள் நாமே சேர்ப்பது. மற்றது, பெயரை உலாவியின் உதவியால் முன்கூட்டியே எழுதி, படமாக எடுத்து, இதயத்தின் அருகே ஒரு சிறிய பலகையைப் போல ஒட்டுவது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். பலர் மூன்றாவது வழி ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள்: பெயர்களை ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிடுகிறார்கள். தமிழ்மூலம் பரீட்சை எழுதும் மாணவிக்கு அந்த இதயம் எவ்வளவு அழகாகத் துடித்து என்ன?

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பொது நியமங்களைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நல்ல கருவியொன்றைத் தேர்ந்து அதற்கு மட்டும் எழுதக்கூடாதா என்று நானா கேட்டார். கருவிகளின் ஆயுள் குறைவு என்பதே என் பதில். கூகுள் தன் டாங்கோ திட்டத்தை 2018 இல் மூடியது. ஹொலோலென்ஸ் 2 இன் உற்பத்தியை மைக்ரோசொப்ட் 2024 இல் நிறுத்தியது. அதே நிறுவனம் விண்டோஸில் தலையணிகளுக்கென வைத்திருந்த பகுதியையும் நீக்கிவிட்டது. அவற்றுக்கென்று மட்டும் எழுதப்பட்ட பாடங்கள் இனிப் புதிதாக ஒருவர் கைக்கும் போய்ச் சேரப் போவதில்லை.

பெற்றோருக்கு இரண்டு செய்திகள். இச்செயலிகள் அறையின் அமைப்பை அறிவதற்காகக் கமெராவைத் திறக்கின்றன. வீட்டின் உட்புறத்தை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. உலாவி வழிச் செயலியில், தனி அனுமதி கொடுத்தாலன்றி, கமெராப் படம் எங்கள் நிரலுக்கு வருவதில்லை. மேசை எங்கே, தொலைபேசி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற எண்கள் மட்டுமே வரும். நிறுவிக்கொள்ளும் செயலிகளில் அப்படியல்ல. எனவே அனுமதி கேட்கும் வாசகத்தை வாசிக்காமல் ‘சரி’ என்பதைத் தட்டாதீர்கள். அடுத்தது வயது. மெடா தன் தலையணிகளைப் பத்து வயதுக்குட்பட்டோருக்கு அனுமதிப்பதில்லை. 10 முதல் 12 வயது வரையானோருக்குப் பெற்றோரின் மேற்பார்வையிலான கணக்கு வேண்டும்.

செய்து பார்க்க விரும்பும் தங்கைகளுக்குத் தலையணி எதுவும் தேவையில்லை. ஏ-ஃபிரேம் என்ற இலவச நிரல் தொகுதி, இணையப் பக்கம் எழுதப் பழகியவர்களுக்கு விரைவில் பிடிபடும். உருவங்களைச் செய்ய பிளெண்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் ஒரு சதுரமுகியை மேசையில் நிறுத்துங்கள், பக்கம் 10 சென்ரிமீற்றர். தட்டினால் அது நிறம் மாறட்டும். பிறகு வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளிலும் அதைத் திறந்து பாருங்கள். மிகப் பழையதிலிருந்து தொடங்குங்கள்.