சாப்பாட்டு மேஜையில் ஒரு டாங்கி!

சுமார் 33 டன் எடையுள்ள யுத்த டாங்கி ஒன்று திடீரென்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமீது ஏறி உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வீர்கள்? "ஐயையோ! மேஜை என்னத்துக்கு ஆகும்?" என்று அலறுவீர்கள்.

பயப்பட வேண்டாம். நாம் இங்கே பார்க்கப் போகும் டாங்கி, பீரங்கிக் குழலையும் சேர்த்து 22 சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். அகலம் 9 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு வெற்றிலைப் பெட்டி வைக்கிற இடம் போதும். ஆனால் அந்த இடத்துக்குள் ஒரு சாலை, சேறு, ஐந்து பேருடைய குடித்தனம், ஓர் உயிர் தப்பிய கதை எல்லாம் வந்துவிட வேண்டும். இதற்கு 'டயோராமா' என்று பெயர்.

பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் மணலைப் பரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, கடுகைத் தூவிப் பயிர் வளர்த்து 'பார்க்' அமைக்கிறோமே, அதன் உறவுக்காரன்தான் இந்த டயோராமா. பெயரை உலகத்துக்குத் தந்தவர் பிரெஞ்சுக்காரரான லூயி டகேர். 1822-ல் பாரிஸ் நகரத்தில் பெரிய பெரிய திரைகளில் காட்சிகளைத் தீட்டி, விளக்கொளியை மாற்றி மாற்றி விழச் செய்து, ஜனங்களை வியப்பில் ஆழ்த்தினார். பிற்பாடு 1839-ல் புகைப்படக் கலையை அறிமுகப்படுத்தியவரும் அவரேதான். அவர் வைத்த பெயர் இன்று ஒரு பலகைமேல் அமைக்கும் சின்னஞ்சிறு காட்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எந்தப் படம்?

'ஃப்யூரி' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 2014-ல் வெளிவந்தது. டேவிட் அயர் இயக்கம். பிராட் பிட் கதாநாயகன். 'ஃப்யூரி' என்றால் ஆவேசம். படத்தில் அது ஓர் அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் பெயர். பீரங்கிக் குழலின்மேல் அந்தப் பெயரை வெள்ளை எழுத்துகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கதை நடப்பது 1945 ஏப்ரலில், ஜெர்மனியில். ஐரோப்பாவில் யுத்தம் ஓய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. டாங்கிக்குள் ஐந்து பேர் வேண்டும்: தலைவர், குறி பார்த்துச் சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர், உதவி ஓட்டுநர். உதவி ஓட்டுநர் இறந்துபோகிறார். அந்த இடத்துக்கு நார்மன் என்ற இளைஞன் வருகிறான். டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்த பிள்ளை. டாங்கியின் உள்பக்கத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவனுக்குக் கிடைக்கும் முதல் வேலை என்ன தெரியுமா? தனக்கு முன் அங்கே உட்கார்ந்திருந்தவரின் ரத்தத்தைக் கழுவித் துடைப்பது.

கடைசியில் ஒரு நாற்சந்தியில் கண்ணிவெடி வெடித்து டாங்கி நின்றுவிடுகிறது. பெரும் ஜெர்மன் படை ஒன்று அந்த வழியாக வருகிறது. சண்டை இரவில் முடியும்போது நால்வர் மாண்டுவிட்டார்கள். நார்மன் மட்டும் டாங்கியின் தரையிலுள்ள சின்னக் கதவு வழியாக நழுவி, அடியிலே சேற்றில் கிடக்கிறான். ஒரு ஜெர்மன் சிப்பாய் குனிந்து டார்ச் விளக்கை அடிக்கிறான். அவனும் சின்னப் பையன்தான். இருவர் கண்களும் சந்திக்கின்றன. அவன் ஒரு குரல் கொடுத்தால் போதும். நார்மன் கதை முடிந்தது. அவன் குரல் கொடுக்கவில்லை. எழுந்து போய்விடுகிறான்.

கதை கற்பனைதான். ஆனாலும் படம் பார்த்தவர்கள் பலர் பீரங்கிச் சத்தத்தை மறந்துவிட்டு அந்த ஒரு பார்வையை நினைவில் வைத்திருப்பார்கள்.

"யுத்தத்தைப் பொம்மையாக்குவானேன்?"

உங்கள் வீட்டுப் பையன் டாங்கி செய்யப் போகிறேன் என்று வந்து நின்றால் நீங்கள் இப்படித்தான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் டாங்கியைச் செய்து, பளபளவென்று வர்ணம் பூசி, அலமாரியில் வைத்தால் அது இரும்பின் பெருமையைத்தான் பேசும். அதில் சண்டை தெரியும். சண்டையில் அகப்பட்டவர் தெரியமாட்டார்.

டயோராமா வேறு சமாசாரம். அதில் மனிதர்கள் வந்தாக வேண்டும். அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைச் செய்கிறவர் தீர்மானித்தாக வேண்டும். ஷெப்பர்ட் பெயின் என்ற அமெரிக்கர் இந்தக் கலையில் பெரிய ஆசான். 1980-ல் டயோராமா அமைப்பது பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் இந்தக் கலைஞர்கள் போற்றுகிறார்கள். அவர் வற்புறுத்திய பாடம், காட்சி ஒரு கதை சொல்ல வேண்டும் என்பதே.

ஆகவே பையனைத் திட்டுவதற்கு முன், "எந்தக் காட்சியைச் செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். குண்டு வெடிப்பதையா, அந்த டார்ச் வெளிச்சத்தையா? நாம் டார்ச் வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம்.

பெட்டிக்குள் டாங்கி

டாங்கி பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வருகிறது. இத்தகைய மாடல்களில் பிரசித்தமான அளவு 35-ல் ஒரு பங்கு. அது என்ன 35? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி, ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியை ஓடும் பொம்மையாகச் செய்தது. உள்ளே மோட்டாரும் பாட்டரியும் அடங்க வேண்டும் அல்லவா? அவை அடங்குகிற மாதிரி உடலை அமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்காக இருந்தது! அதையே உலகம் பிடித்துக்கொண்டது. இந்தக் கணக்கில் ஐந்தே முக்கால் அடி உயர மனிதன் 5 சென்டிமீட்டர் உயரம் நிற்பான்.

சினிமாவில் காண்பதெல்லாம் நிஜமா என்று ஒரு சர்ச்சை இந்த வட்டாரத்தில் எப்போதும் உண்டு. 1965-ல் வந்த 'பாட்டில் ஆஃப் த பல்ஜ்' படத்தில் அமெரிக்க பாட்டன் டாங்கிகளே ஜெர்மன் டைகர்களாக வேஷம் கட்டி வந்தன! 'ஃப்யூரி'யில் அப்படி இல்லை. இங்கிலாந்தில் போவிங்டன் என்ற ஊரில் டாங்கிகளுக்கென்றே ஒரு கண்காட்சி சாலை இருக்கிறது. 1943-ல் டுனீஷியாவில் பிடிபட்ட அசல் டைகர் டாங்கி அங்கே ஓடும் நிலையில் இருக்கிறது. படத்தில் டைகராக வருவது அதுதான். கதாநாயகியான ஷெர்மனும் அதே கண்காட்சி சாலையிலிருந்து வந்ததே.

ஐந்து பேர் குடித்தனம்

துண்டுகளைச் சட்டத்திலிருந்து சிறு கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள், பிய்க்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் எண்ணெய்ப் பிசுக்குப் போகும். வர்ணம் நன்றாகப் பிடிக்கும். வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். இதற்கென்று உள்ள பசை பிளாஸ்டிக்கைச் சற்று இளக்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடும். ஆகையால் ஒரு சொட்டுக்குமேல் வேண்டாம். பசைக்கும் தின்னருக்கும் நெடி அதிகம், தீயும் பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

டாங்கி உருவானதும் வெளியே மூட்டை முடிச்சுகளைக் கட்ட வேண்டும். இங்கேதான் குடும்பம் நடத்துகிறவர்களின் கண் உதவும். ஐந்து ஆண்கள் மாதக்கணக்கில் இந்த இரும்புப் பெட்டியிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். படுக்கை எங்கே? மழைக்குப் போர்த்தும் துணி எங்கே? குடிக்கத் தண்ணீர், சமைக்கப் பாத்திரம்? எல்லாம் டாங்கியின் முதுகில்தான் தொங்கும். படத்தில் பக்கவாட்டில் மரக்கட்டைகளையும் அடுக்கியிருப்பார்கள், எதிரியின் குண்டிலிருந்து கொஞ்சமாவது காக்குமே என்று.

கட்டைகளுக்குத் தோட்டத்திலிருந்து விரல் பருமனுக்கும் மெல்லிய காய்ந்த குச்சிகளே பேஷாக இருக்கும். சுருட்டிய போர்வைக்கு டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து மடியுங்கள். காய்ந்ததும் துணி மாதிரியே சுருக்கம் விழும். கயிற்றுக்குத் தையல் நூலைத் தேன்மெழுகில் ஓட்டி எடுத்தால் பிசிர் அடங்கும்.

வர்ணம், இலையும் மண்ணும் கலந்த ஒரு பச்சை. புட்டியில் உள்ளபடியே பூசினால் சிறிய மாடலில் கறுத்துத் தெரியும். சற்று வெளுக்க வைத்துப் பூசுங்கள். காய்ந்தபின், கரும்பழுப்பு வர்ணத்தை அரிசி கழுவிய தண்ணீர்போல நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிடுங்கள். மூலைகளில் நிழல் தங்கும். அப்புறம் தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள். இத்தனை நேரம் பிளாஸ்டிக்காக இருந்தது இரும்பாகிவிடும். 'ஃப்யூரி' என்ற எழுத்துகளைக் கையாலேயே எழுதுங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தால் பாதகமில்லை. அதைச் சிப்பாய்தானே எழுதியிருப்பான்!

சேறும் இரவும்

அடிப்பலகைமேல் தெர்மோகோல் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர், சலித்த மண், வெள்ளைப் பசை மூன்றையும் தோசை மாவு பதத்தில் கலந்து பூசுங்கள். ஈரம் காயுமுன் சக்கரத் தடங்களையும் பூட்ஸ் தடங்களையும் பதித்துவிட வேண்டும். வடிகட்டிய தேயிலைத் தூளை வெயிலில் உலர்த்தித் தூவினால் உதிர்ந்த சருகு. சேற்றின் பள்ளங்களில் வார்னிஷ் ஒரு துளி விட்டால் தண்ணீர் தேங்கி நிற்கும்.

பலகை பெரிதாக இருக்க வேண்டாம். டாங்கியைப் பலகை விளிம்புக்கு நேராக வைக்காமல் சாய்வாக வையுங்கள். நேராக வைத்தால் கடைச் சரக்கு மாதிரி இருக்கும். கண்ணிவெடியில் அறுந்த சங்கிலிப் பட்டையைச் சக்கரங்களிலிருந்து கழற்றிச் சேற்றில் கிடத்துங்கள். இந்த டாங்கி இனி எங்கும் போகாது என்பதை அது சொல்லிவிடும். பிணங்களைக் குவிக்க வேண்டாம். மேல்கதவு திறந்தபடி, ஓர் இரும்புத் தொப்பி மண்ணில் கவிழ்ந்தபடி இருந்தால் போதும்.

அரை அங்குல இடைவெளி

இப்போது வருகிறது கஷ்டமான வேலை. நிஜ ஷெர்மனின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சுமார் 43 சென்டிமீட்டர் இடைவெளி. நம் மாடலில் அது ஒன்றேகால் சென்டிமீட்டரும் இல்லை. ஏறக்குறைய அரை அங்குலம். அதற்குள் நார்மனைப் படுக்க வைக்க வேண்டும்.

அப்படிப் படுத்த பொம்மை பெட்டியில் கிடைப்பது அரிது. நிற்கிற பொம்மையைக் கை கால் மூட்டுகளில் வெட்டி, மடக்கி ஒட்டி, இடைவெளியைப் புட்டியால் நிரப்புங்கள். குழாய் ஒழுகினால் இரண்டு உருண்டைகளைப் பிசைந்து அடைக்கிறோமே, அந்தப் புட்டியேதான். ஜெர்மன் பையன் ஒரு முழங்காலைச் சேற்றில் ஊன்றிக் குனிந்திருக்கட்டும். அவன் கையிலுள்ள டார்ச்சில் கடுகளவு எல்.இ.டி. விளக்கை வைத்து, மயிரிழைக் கம்பியைப் பலகைக்கு அடியில் இறக்கி, பொத்தான் பாட்டரியோடு இணைத்துவிடலாம்.

முகங்களைத் தீட்டுவதில் ஒரு ஜாக்கிரதை. அந்தச் சின்ன முகத்தில் வெள்ளை விழி வரைந்தால் பேயைக் கண்டவன் போலாகிவிடும். புருவத்துக்குக் கீழே மெல்லிய கருங்கோடும் கன்னத்தில் சிறிது நிழலும் போதும். பயத்தை முகத்தைவிட உடம்புதான் காட்ட வேண்டும்: தோள் குறுகியிருப்பது, விரல்கள் சேற்றைப் பற்றியிருப்பது.

வேலை முடிந்ததும் அலமாரியில் தாழ்வான தட்டில், டாங்கியின் முகப்பு தெரியும்படி வையுங்கள். காரணம் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்குச் சேற்றில் சிக்கிய ஒரு டாங்கியும், குனிந்திருக்கும் ஒரு சிப்பாயும்தான் தெரியும். "இவன் எதைத் தேடுகிறான்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு அந்தச் சின்ன டார்ச்சை மட்டும் ஏற்றுங்கள். அவர்களும் குனிவார்கள். அந்தச் சிப்பாய் குனிந்த அதே அளவுக்குக் குனிந்தால்தான் நார்மன் தெரிவான்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இன்னொரு கேள்வியும் நிச்சயம் வரும். "பார்த்துவிட்டானே, ஏன் கூப்பிடவில்லை?"

அந்தக் கேள்விக்கு மட்டும், கையிலுள்ள வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.