பலகைப் பெட்டியில் முத்திரை இருக்கிறதா?

இறக்குமதிச் சரக்கு வரும் பலகைப் பெட்டிகளின் முத்திரையை நான் நீண்ட காலமாகக் கவனித்ததில்லை. விறகுக்குக் கொடுத்துவிடுவேன்.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரின் கதையை அறிந்த பின் அப்படிச் செய்வதில்லை. ஆசியாவிலிருந்து பொதிப் பலகைகளில் வந்ததாகக் கருதப்படும் நீள்கொம்பு வண்டு 2008இல் அங்கு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு மரத்தை உள்ளே குடைந்து தின்னும். பரவலைத் தடுக்க 30,000க்கும் அதிகமான மரங்களை வெட்டினார்கள். வண்டு தொடாத மரங்களும் தப்பவில்லை. நிழல் தந்த வீதிகள் வெறிச்சோடின.

பொதிப் பலகையை மையம்வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது சர்வதேச விதியில் ஏற்கப்பட்ட ஒரு முறை. பதப்படுத்தியதற்குச் சான்று, கதிர் அடையாளமுள்ள முத்திரை. அது இல்லாவிட்டால் நமது ஏற்றுமதிச் சரக்கு திருப்பியனுப்பப்படலாம். நட்டம் நமக்கே. பெட்டி வாங்கும்போது சில ரூபாய்களை மிச்சம் பிடிக்காமல் முதலில் முத்திரையைப் பாருங்கள்.