இருபது ஸ்டிக்கருக்கு எந்த இயந்திரம்?

டிசம்பர் மாதத்து உந்துவப் போயாவில் தொடங்கி மே மாதத்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் வரிசை குலையாமல் ஓடும். கண்ணாடியில் சாமி பெயர், கதவில் பிள்ளையின் பெயர், பின்புறத்தில் தோட்டத்தின் பெயர். பருவம் முடிந்தால் தோட்டத்துக் கோயில் திருவிழா, கிரிக்கெட் போட்டி, புதிதாகத் திறக்கும் பேக்கரி. எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் வேண்டும். ஆனால் யாருக்கும் ஆயிரம் வேண்டாம். ஐந்து, இருபது, மிஞ்சினால் ஐம்பது.

இந்தச் சிறு தொகைதான் தொழிலின் சிக்கல். ஒப்செட் அச்சில் தட்டுத் தயாரிக்கும் செலவு பத்து ஸ்டிக்கருக்கும் பத்தாயிரத்துக்கும் ஒன்றே. பத்தாயிரத்தால் வகுத்தால் அது கண்ணுக்கே தெரியாது. பத்தால் வகுத்தால் ஸ்டிக்கரின் விலையே அதுதான். ஆகவே மலையக நகரமொன்றில் ஸ்டிக்கர் கடை போட நினைக்கும் இளைஞர் இயந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன்பு, முதல் பிரதி கைக்கு வரும்வரை எவ்வளவு செலவாகும் என்று கேட்க வேண்டும்.

தேயிலைத் தோட்டங்கள் இந்தக் கேள்வியை எப்போதோ சந்தித்துவிட்டன. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. விற்பனைக்குப் போகும் பொதியில் தோட்டத்தின் மார்க், தேயிலையின் தரம், இன்வொய்ஸ் இலக்கம், நிறை எல்லாம் தெரிய வேண்டும். நுவரெலியாவின் பீட்ரு தோட்டத்துத் தேயிலை ‘லவர்ஸ் லீப்’ என்ற மார்க்கில் போவது இந்த மரபில்தான். பலகைப் பெட்டிகளின் காலத்தில் அந்த எழுத்துகளை அடித்தது ஸ்டென்சில் தகடு. ஒருமுறை வெட்டினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஆங்கில ‘ஓ’ எழுத்தை வெட்டினால் நடுவட்டம் விழுந்துவிடும். அதைத் தாங்க இரண்டு சிறு பாலங்களை விட்டுவைக்க வேண்டும். பழைய பெட்டிகளில் எழுத்துகள் நடுவே அறுபட்டுத் தெரிவது அதனால்தான்.

பாலத்தின் தேவையை நீக்கியது ஸ்கிரீன் பிரின்டிங். மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்ற வழி அது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்ணிய வலையே நடுவட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். மை வலையின் துளைகளால் இறங்கும். மைப்படலம் தடிப்பாக விழுவதால் வெயிலுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஒரே நிறத்தில் முந்நூறு ஸ்டிக்கர் என்றால் இன்றும் இதுவே மலிவு. ஆனால் நிறத்துக்கொரு சட்டம் வேண்டும். நான்கு நிறத்தில் இருபது ஸ்டிக்கர் கேட்பவருக்காக நான்கு சட்டங்களைப் பூசி, ஒளிகாட்டி, கழுவி எடுப்பது கட்டுப்படியாகாது. ஈரக்காற்றில் அந்தப் பூச்சு காயவும் நேரமெடுக்கும்.

சிறு தொகைக்கு உண்மையான விடை 1980களின் தொடக்கத்தில் வந்தது. வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்த பொறியியலாளர் யோசப் கேர்பர். அவருடைய நிறுவனம், கணினியின் கட்டளைப்படி வினைலில் எழுத்து வெட்டும் கருவியை விளம்பரப் பலகை எழுதுவோருக்குக் கொடுத்தது. இன்று கடைகளில் ‘கட்டர்’ அல்லது ‘புளொட்டர்’ என்று சொல்லப்படுவது அதன் வழிவந்ததே. கடின உலோகக் கத்திமுனை மேலிருக்கும் வினைலை மட்டும் வெட்டும். அடியிலுள்ள தாள் அறுபடாது. வேண்டாத பகுதியை இடுக்கியால் உரித்து, மேலே ஒட்டுநாடா ஒன்றைப் படியவைத்து, எழுத்துகளை இடம் பெயராமல் வண்டிக்கு மாற்றுவார்கள். தகடும் இல்லை, சட்டமும் இல்லை. முதல் ஸ்டிக்கரின் செலவும் இருபதாவதின் செலவும் ஏறக்குறைய ஒன்று.

தமிழ் எழுத்தை வெட்டுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் கத்திக்குள் சிக்கிக் கிழியும். மெய்யெழுத்தின் புள்ளி, ஒட்டும் பரப்பே இல்லாத குட்டி வட்டம். உரிக்கும்போது கூடவே வந்துவிடும், ஒட்டினாலும் முதலில் உதிரும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். அனுபவமுள்ளவர்கள் தடித்த எழுத்துருவை எடுத்து, புள்ளியை இன்னும் சற்றுப் பெரிதாக்கிக்கொள்வார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கிடக்கும். எழுத்தை முதலிலேயே கோட்டுருவமாக மாற்றிச் சேமிப்பதுதான் பாதுகாப்பு.

கட்டரால் முடியாதது ஒன்று: புகைப்படம். முருகனின் முகமோ கிரிக்கெட் அணியின் படமோ வேண்டுமென்றால் அச்சுப்பொறி தேவை. அங்கேதான் வெள்ளை நிறம் குறுக்கே நிற்கிறது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய வழக்கமான நான்கு மைகளில் முதல் மூன்றும் ஒளி ஊடுருவக்கூடியவை; வெள்ளைத் தாளின் ஒளியைக் கடன் வாங்கித்தான் நிறம் காட்டுகின்றன. தெளிந்த பிலிமில் அச்சிட்டுக் கறுப்பு ஓட்டோவில் ஒட்டினால் படம் இருளில் மூழ்கிவிடும். சாதாரண வீட்டு இங்க்ஜெட்டிலும் லேசரிலும் வெள்ளை மை இல்லை. போதாததற்கு, சாய மை மழையில் கரையும்; லேசரின் சூடு அதற்கென்று செய்யப்படாத வினைலைச் சுருக்கும்.

வெள்ளை மையின் நிறம் டைட்டேனியம் டையொக்சைட்டிலிருந்து வருகிறது. ஒளியைப் பலமாகச் சிதறடிக்கும் பொருள், ஆனால் தண்ணீரைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி. அதனால் குப்பியின் அடியிலும் குழாய்களிலும் படிந்துவிடும். வெள்ளை மைப் பொறியைத் தினமும் ஓட்டிக் கலக்க வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்தினால் மைத்தலை அடைபடும். புறவூதா ஒளியால் மையை இறுகச்செய்து, வெள்ளையும் வண்ணமும் வார்னிஷும் சேர்ந்த படத்தைப் போத்தலுக்கோ தேயிலை டின்னுக்கோ மாற்றும் ‘யூவி டிடிஎஃப்’ முறை அண்மை ஆண்டுகளில் பரவியிருக்கிறது. ஐம்பது டின்களுக்கு லேபல் கேட்கும் சிறு தேயிலை வியாபாரிக்கு அருமையான வழி. நாள்தோறும் வேலை வராத கடைக்கு அதுவே சுமை.

வண்டி வேலைக்குப் பொருந்துவது, மென்கரைப்பான் மையால் வெள்ளை வினைலில் அச்சிட்டுத் தானே வெட்டியும் தரும் இயந்திரம். ரோலண்ட் போன்ற நிறுவனங்கள் மேசையளவிலும் இதைச் செய்கின்றன. ஆனால் விளம்பரத் தாளில் கண்ணில் படாத ஒரு வரி கையேட்டில் இருக்கும்: அறை வெப்பம் 20 பாகைக்குக் குறையாதிருப்பது நல்லது, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுமார் 16 பாகை. மூடுபனி நாட்களில் ஈரப்பதம் அந்த எல்லையை எளிதில் தாண்டும். குளிரில் மை கெட்டியாகும். துளியின் அளவு மாறும். கரைப்பான் வெளியேறத் தாமதிக்கும். லமினேட் போடுமுன் வழக்கமாக ஒரு நாள் காயவிடுவார்கள். இங்கே அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மாட்டிக்கொண்ட கரைப்பான் பசையை இளக்கி ஓரங்களைச் சுருட்டிவிடும். மூடிய சிறு அறை, ஒரு ஹீட்டர், ஈரமுறிஞ்சி ஆகியவற்றையும் இயந்திரத்தின் விலையோடு கூட்டிக்கொள்வதே நேர்மையான கணக்கு.

ஒட்டும் இடத்திலும் மலை தன் கணக்கைக் கேட்கும். பெரும்பாலான வினைல் பசைகள் சுமார் 10 பாகைக்குக் கீழ் சரியாகப் பிடிக்காது; ஜனவரிக் காலையில் தகரம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புறவூதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. மலைப்பாதையில் ஓடும் பழைய பஸ்களில் சிவப்பும் மஞ்சளும் வெளிறி நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சிய படங்களைக் காணலாம். தாக்குப்பிடிக்க வேண்டிய வேலைக்குப் புறவூதாத் தடுப்பு லமினேட்டைத் தவிர்க்க முடியாது. வளைந்த பாகங்களுக்கு உருட்டித் தகடாக்கிய மலிவு வினைல் சரிவராது. வார்த்தெடுத்த மெல்லிய வினைல் வேண்டும்.

இயந்திரம் வாங்குமுன் அதன் மையும் உதிரிப்பாகமும் கொழும்பில் தொடர்ந்து கிடைக்குமா என்றும் பார்க்க வேண்டும். ஜப்பானின் அல்ப்ஸ் நிறுவனத்தின் எம்டி வரிசை அச்சுப்பொறிகள் வெள்ளையையும் உலோக நிறங்களையும் நாடாவிலிருந்து அச்சிட்டதால் மாதிரி விமானம், ரயில் செய்வோரின் செல்லப்பிள்ளையாக இருந்தன. 2010இல் விற்பனை நின்றது. நாளடைவில் மிஞ்சிய நாடாக்களைத் தேடி அலைந்தார்கள் அந்தப் பொறிகளை வாங்கியவர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் இரண்டு அடி அகலக் கட்டரே போதும். புகைப்பட வேலைகளை வெளியே அச்சிட்டு வாங்கலாம். அவை வாரந்தோறும் வரத் தொடங்கியபின் மென்கரைப்பான் பொறி, டின் வேலைகள் பெருகினால் வெள்ளை மை. கட்டரில் தொடங்குவதற்கு மின்சாரமும் ஒரு காரணம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. மென்கரைப்பான் பொறி சும்மா இருக்கும்போதும் மின்சாரத்தில் இருந்தபடி அவ்வப்போது தன் மைத்தலையைச் சுத்தம் செய்துகொள்ளும். அது தடைப்பட்டால் துளைகளில் மை காய்ந்து போகும். கட்டரில் மின்சாரம் நின்றால் போவது ஒரு துண்டு வினைல்.