கடனைக் கட்டுபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அவ்வாண்டு பொருளாதாரம் 7 வீதத்துக்கும் மேல் சுருங்கியது. எரிவாயு வரிசையில் நின்றவர்கள் எவரும் அந்தக் கடன்களில் கையொப்பமிட்டவர்கள் அல்லர். ஆனால் வரியாகவும் விலையேற்றமாகவும் அவற்றைக் கட்டுபவர்கள் அவர்கள்தான்.

ஆபத்து எங்கே?

கடன் வாங்குவது தவறில்லை. வாங்கிய பணத்தில் எழும் திட்டம், கடனை அடைக்கும் அளவுக்கு வருமானமும் டொலரும் ஈட்ட வேண்டும். வெளிநாட்டுக் கடனை ரூபாய் அச்சிட்டு அடைக்க முடியாது. ரூபாய் சரிந்தால், புதிதாக ஒரு டொலர்கூட வாங்காமலே சுமை கூடும்.

ஊழல் நுழைவது பெரும்பாலும் திட்டத்தைத் தெரிவுசெய்யும் கட்டத்தில்தான். கொள்வனவு பெரிதானால் தரகும் பெரிது. அதனால் நாட்டுக்குத் தேவையானது பின்தள்ளப்பட்டு, தரகு தருவது முந்திக்கொள்கிறது. ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானக் கொள்வனவு இதற்குச் சான்று. அந்நிறுவன அதிகாரி ஒருவரின் மனைவி இடைத்தரகராக நிறுத்தப்பட்டு, அவர் வழியாக 20 லட்சம் டொலர் கைமாறியது. இந்த இலஞ்சத்தைத் தடுக்கத் தவறியதை, விமானங்களை விற்ற எயார்பஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸ் வெளியிட்ட 17.5 கோடி டொலர் கடன் பத்திரத்துக்கு அரசு உத்தரவாதம் அளித்திருந்தது. நிறுவனம் கட்டாவிட்டால் அந்தக் கடன் மக்கள் தலையில்.

உங்கள் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டமானாலும், உள்நாட்டு நிதியில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமானாலும், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. அவசரத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றுக்கும் ஒரு வாரம் முன்னர் அறிவிக்க வேண்டும்.

அறிவிக்காவிட்டால் நீங்களே கேட்கலாம். எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமலே விண்ணப்பிக்கலாம். உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம்.

பரிகாரம்

இலஞ்சம் நடந்ததாகத் தெரிந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அவசரத் தொலைபேசி இலக்கம் 1954. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பொய்யென்று தெரிந்தே முறையிடுவதோ குற்றம். ஆகவே வதந்தியைக் கொண்டு போகாதீர்கள், ஆவணத்தைக் கொண்டு போங்கள்.

அரசின் செயல் அடிப்படை உரிமையை மீறினால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். 2023 நவம்பர் 14ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு வழிவகுத்த தீர்மானங்களால் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச ஆகியோரும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் உள்ளிட்ட உயர் அதிகாரிகளும் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. மக்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு மட்டுமே. பணம் போன பிறகு கிடைக்கும் நீதி அவ்வளவுதான்.

ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பிரதேசத்துக்கு வரும் திட்டத்துக்குப் பணம் தருவது யார், வட்டி எவ்வளவு, கேள்விப்பத்திரம் கோரப்பட்டதா, கடனை எந்த வருமானத்தில் அடைப்பார்கள்? இந்த நான்கு கேள்விகளையும் எழுதி, கையொப்பமிட்டு, தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள்.