உங்களுக்குத் தெரியுமா? நான்காம் மாடி காணாமல் போன கதை
மலேசியாவில் பல அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டில் 3-க்கு அடுத்த பொத்தான் 4 அல்ல, 3ஏ! சீன மொழியின் ஓசைதான் காரணம். மாண்டரினில் நான்குக்கும் சாவுக்கும் உள்ள சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. உச்சரிக்கும் தொனி மட்டும் மாறும். ஜப்பானியத்திலும் இரண்டும் ‘ஷி’தான். அங்கே ஒன்பதைக் குறிக்கும் ‘கு’ என்ற ஒலி துன்பத்தையும் குறிப்பதால், சில மருத்துவமனைகளில் 4, 9 எண் அறைகளே கிடையாது. படுத்திருக்கும் நோயாளியின் மனம் கலங்கக் கூடாதே என்ற அக்கறை அது; அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நம் ஊரில் பலர் ஒதுக்கும் 8, சீனர்களுக்குச் செல்வம் தரும் எண். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா நடந்தது 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்கு.