கரித்துண்டால் சுரங்கத்தை வரைபவர்: தேனிக்காரர்களுக்கு இவரை ஏன் சட்டென்று புரியும்?

தேனி மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கு என்றாலே நெல்லும் திராட்சையும்தான். ஆனால், ‘திட்டம் வருது, ஊரைக் காலி பண்ணுங்க’ என்ற பேச்சு இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊர்கள் தண்ணீருக்குள் போனதைத்தான் வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலாக எழுதினார். 2003-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது அது. பேயத்தேவரைப் படித்தவர்களுக்கு, ஓவியர் பிரபாகர் பாச்புதே அந்நியராகத் தெரிய மாட்டார்.

யார் இவர்?

1986-ல் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டம் சாஸ்தி கிராமத்தில் பிறந்தவர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். குடும்பமே மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில் வேலை பார்த்தது. 2012-ல் மும்பையில் நடந்த இவரது கண்காட்சிக்கு வைத்த பெயர், ‘நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு கேனரி’. விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் காலத்தில் கூண்டோடு சுரங்கத்துக்குள் கொண்டுபோன குருவி அது. குருவி சுருண்டு விழுந்தால் ஆட்கள் வெளியே ஓடணும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியும் பழைய சுரங்க பூமிதான். அங்கு வழங்கப்படும் ‘ஆர்ட்டஸ் முண்டி’ பரிசை 2021-ல் பகிர்ந்துகொண்ட ஆறு பேரில் இவரும் ஒருவர்.

படத்தில் என்ன இருக்கு?

மனித உடம்பு இருக்கும். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருவியோ விளக்கோ இருக்கும். வேலைக்குப் போன ஆள் வேலையாகவே மாறிவிட்டார், அவ்வளவுதான். கோஷம் எதுவும் எழுதியிருக்காது. என் கணக்கில் அதுதான் பலம்.

நெய்வேலியை நினைத்துப் பாருங்க. 2023 ஜூலையில் என்.எல்.சி. கால்வாய்க்காக வளையமாதேவியில், பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கிய வீடியோவை போனில் பார்த்திருப்பீங்க. ‘நிலத்தை முன்பே கையகப்படுத்திட்டோம், இழப்பீடும் கொடுத்தாச்சு’ என்றது நிறுவனம். அந்தக் கணக்கில் ஏக்கர் வரும், ரூபாய் வரும். விதைத்தவர் வரப்பில் நின்று பார்த்தது வராது. பாச்புதே வரைவது அந்த விட்டுப்போன பகுதியை.

ஏன் கரித்துண்டு?

சுரங்கத்தின் நிறம் அதுதான் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது நிற்காது. கை பட்டாலே கலையும். பல படங்களை இவர் நேராகக் கண்காட்சிச் சுவரிலேயே வரைகிறார். கண்காட்சி முடிந்ததும் அந்தச் சுவர்களுக்கு மறுபடி வெள்ளையடித்துவிடுவார்கள்.