திண்ணையில் நடந்த கலாசாலை

2020-ம் வருஷம் மார்ச் மாத நடுவில் தமிழ் நாட்டுக் கலாசாலைகள் மூடப்பட்டபோது, மாணாக்கர்கள் பலர் இரண்டு மாற்றுத் துணிகளுடன்தான் விடுதியிலிருந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். பதினைந்து நாள் விடுமுறை என்பது எல்லோருடைய எண்ணமும். புத்தகங்களையும் பெட்டியையும் அறையிலேயே விட்டுப் பூட்டினார்கள். மார்ச் 24-ந் தேதி இரவு தேசம் முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பதினைந்து நாள் பல மாதங்களாக நீண்டது. சில விடுதிகள் நோயாளிகளைத் தனித்து வைக்கும் இடங்களாகவே மாறின.

அந்த நாட்களில் நமது வீதியில் ஒரு பெரியவர், எந்த மாணாக்கனைக் கண்டாலும் நியூட்டன் கதையைச் சொல்லிவிடுவார். 1665-ம் வருஷம் பிளேக் நோய்க்குப் பயந்து கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மூடப்பட்டதும், வாலிபரான நியூட்டன் தம் கிராமத்து வீட்டுக்குப் போய்க் கணிதத்திலும் ஒளியின் தன்மையிலும் பெரிய விஷயங்களைக் கண்டதும் உண்மையே. ஆனால் நியூட்டனுக்குப் பண்ணை வீடு இருந்தது. கூலி இல்லாத தகப்பனார், அழுகிற தம்பி, ஒரே அறை, அந்த அறையில் ஒரே செல்போன் என்ற நிலைமை அவருக்கு இருக்கவில்லை. இதைப் பெரியவரிடம் சொன்னோம். "அதுவும் சரிதான்" என்றார். மறுநாள் வேறொரு பையனைப் பிடித்துக் கொண்டார்.

நெசவுத் தொழிலை நம்பியிருக்கும் ஊர் நமது ஊர். அவ்வருஷம் பாவு வரவில்லை, தறி நின்றது, கூலியும் நின்றது. இந்த நிலையில் இணையம் வழியாக வகுப்புக்கள் ஆரம்பமாயின. அரசாங்கம் 2011 முதல் மேல்நிலைப் பள்ளி மாணாக்கர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த மடிக்கணினிகள் சில வீடுகளில் கைகொடுத்தன. மற்ற வீடுகளில் செல்போன் ஒன்றுதான். அதைத் தகப்பனார் காலையில் எடுத்துக்கொண்டு வெளியே போனால், வகுப்பும் அவருடனேயே போய்விடும்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மாலை, நம்மிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி முகக்கவசத்துடன் வாசலில் வந்து நின்றாள். பெளதிகம் இரண்டாம் வருஷம் ஆரம்பித்திருந்தாள். அவள் குடும்பத்தில் கலாசாலையின் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். "ஸார், எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள்" என்றாள். அவளுடைய தகப்பனாரை நாம் அறிவோம், கெட்டவர் அல்ல. கலாசாலை மூடிக் கிடக்கிறது, கையில் பணம் இல்லை, ஊரடங்கில் கல்யாணச் செலவும் குறைவு, பெண்ணோ வீட்டில் சும்மா இருக்கிறாள். இப்படிக் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் ஓர் இடத்தில்தான் பிசகு. பெண் சும்மா இருக்கவில்லை. படிப்பதற்கு வழியில்லாமல் இருந்தாள்.

உபாத்தியாயர்களுக்கு உரிய வழக்கப்படி நாம் அரை மணி நேரம் அவளுக்குத் தைரியம் சொன்னோம். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டு எஜமானி, "புத்தி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. உட்கார்ந்து படிக்க இடம் கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை" என்றாள். நமக்குச் சுருக்கென்றது.

மறுநாள் முதல் நமது திண்ணை கலாசாலையாயிற்று. வீட்டு இணைய இணைப்பும் பழைய மடிக்கணினி ஒன்றும் அவள் உபயோகத்துக்கு வந்தன. செய்தி பரவி இன்னும் இருவர் வந்தார்கள். திண்ணையின் இரு கோடியில் இருவர், ரேழியில் ஒருவர் என்று விலகி உட்கார்ந்தார்கள். காலை பத்து முதல் பகல் ஒரு மணி வரை வீட்டில் தாளிப்புச் சத்தம்கூட அடங்கித்தான் எழும்பியது.

பிறகு தகப்பனாரைப் போய்ப் பார்த்தோம். பெண் கல்வியின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: "இந்தப் பருவப் பரீட்சை முடியும் வரையில் பொறுக்க முடியுமா?" அவர் வெகு நேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சை வரைக்கும்தானே, வாத்தியார் ஐயா?" என்றார். ஆம் என்றோம். ஒவ்வொரு பரீட்சைக்கும் இதே கேள்வியைக் கேட்பது என்று மனத்துக்குள் தீர்மானித்துக் கொண்டதை அவரிடம் சொல்லவில்லை.

அவளுடைய கலாசாலைப் பேராசிரியை ஒருவர் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். இணையம் வழியாக வகுப்பு நடத்துவதோடு நில்லாமல், பாடத்தைச் சிறு சிறு குரற்பதிவுகளாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரவில் தகப்பனாருடன் செல்போன் வீடு திரும்பியதும், செலவு அதிகமில்லாமல் யாரும் கேட்கலாம். வகுப்பின் நேரத்துக்கு மாணாக்கர் வர முடியாவிட்டால், மாணாக்கரின் நேரத்துக்கு வகுப்பு போகலாம் என்பதை அந்த அம்மையார் கண்டுகொண்டார்.

அரசாங்கமும் உதவி செய்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரையில், தினம் 2 ஜிபி வீதம் இணைய டேட்டா இலவசமாக, ஏறக்குறைய 9.69 லட்சம் மாணாக்கர்களுக்கு என்று தமிழ் நாட்டு அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கலாசாலை மூடிப் பத்து மாதங்களுக்குப் பிறகு வந்த காரியம். அந்தப் பத்து மாதங்களில் ஒருவனை நாம் இழந்தோம்.

அவன் பொறியியல் படித்த பையன். இரண்டு பாடங்கள் அரியர். இறுதி வருஷப் பரீட்சை கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஜூலை 6-ந் தேதி சொல்லிற்று. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 28-ந் தேதி அதை ஒப்புக்கொண்டது. இரண்டு நாள் முன்னதாக, அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டியவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று தமிழ் நாட்டு முதன் மந்திரி அறிவித்திருந்தார். அது செல்லுமா என்று வழக்கு எழுந்தது. "எழுதச் சொன்னால் எழுதுகிறேன், வேண்டாமென்றால் இருக்கிறேன். எது என்று சொன்னால் போதும், ஸார்" என்று அவன் போனில் சொன்னான். நாமும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னோம். விசாரிக்க வேறு வேலைகள் குறுக்கிட்டன. மறுபடி நாம் அவனை அழைத்தபோது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் இருந்தான். "பரவாயில்லை, ஸார்" என்றான். அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது. பாடம் புரியாததால் அவன் படிப்பு நிற்கவில்லை. நாளைக்கு என்ன என்று தெரியாமல் தனியே இருந்ததால் நின்றது. வாரம் ஒரு தரம் அழைத்து, "இன்னும் முடிவாகவில்லை, அப்பா, முடிவானதும் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தாலே போதுமோ என்னவோ.

கலாசாலைகள் 2020 டிசம்பரில் இறுதி வருஷத்தாருக்கும், 2021 பிப்ரவரியில் மற்றவர்களுக்கும் திறந்தன. இரண்டாம் அலையில் மார்ச் மாதம் மறுபடி மூடின. செப்டம்பர் முதல் தேதி மீண்டும் திறந்தன. திண்ணைக் கேள்வியைத் தகப்பனாரிடம் நாம் மூன்று தரம் கேட்டோம். நாலாவது தரம் போனபோது, "நீங்கள் கேட்க வேண்டாம், ஐயா. முடிக்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். 2022-ல் அவள் பட்டம் பெற்றாள்.

கொள்ளை நோய் மறுபடி வரக்கூடாது என்பதே நம் பிரார்த்தனை. ஆயினும் வெள்ளமும் புயலும் கலாசாலைகளை மூடாமல் இருப்பதில்லை. வீட்டுக் கஷ்டமோ எந்த நாளும் ஒரு மாணாக்கனைத் திருப்பி அனுப்பலாம். அப்போது படித்த குடும்பங்கள் செய்யக்கூடியது சிறிய காரியந்தான். உட்கார ஓர் இடம், தடையில்லாத மூன்று மணி நேரம், வாரம் தவறாமல் ஒரு தொலைபேசி அழைப்பு. மனம் மிகவும் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் ஆரம்பித்த 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை நாமே பக்கத்திலிருந்து அழைத்துக் கொடுக்கலாம்.

நமது திண்ணையில் இப்போது மாலை வேளைகளில் அந்தப் பெண்ணின் தங்கை வந்து உட்கார்ந்து படிக்கிறாள். கலாசாலைகள் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன. "இங்கே வந்தால் படிப்பு ஓடுகிறது, ஸார்" என்கிறாள். திருப்பூர்ப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறோம். அந்த இரண்டு பாடங்களை எழுதலாமா என்று சென்ற வாரம் அவனே கேட்டான். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை மறுநாளே விசாரித்து விட்டோம்.